திறந்தவெளி ஒதுக்கீடு (சென்னை)

திறந்தவெளி ஒதுக்கீடு என்பது, சென்னைப் பெருநகரப் பகுதியில் பெரிய மனைப்பிரிவையோ கட்டடத் தொகுதியையோ அமைக்க விரும்பும் நிலவுரிமையாளர், தம் நிலத்தின் ஒரு பகுதியைப் பூங்கா, விளையாட்டிடம் போன்ற பொதுப் பயன்பாட்டுக்காகக் காலியாக விட்டு, அதனை விலையின்றி அரசு அமைப்பிடம் ஒப்படைக்க வேண்டும் என்னும் நகரமைப்பு விதி ஆகும். சாலைகளுக்குப் போக எஞ்சிய பரப்பில் 10 விழுக்காடு என்பது இதன் பொதுவான அளவு. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு ஓ.எஸ்.ஆர். என்றே கட்டுநர்களும் அலுவலகங்களும் வீடு வாங்குவோரும் இதனைக் குறிப்பிடுகின்றனர்.

இவ்விதியின்படி ஒப்படைக்கப்பட்ட நிலம் கட்டுநருக்கோ அங்கு வீடு வாங்கியவர்களுக்கோ உரியது அன்று, அது பொதுநிலம். ஆனால் அது பெரும்பாலும் ஒரு தனியார் வளாகத்தை ஒட்டியே அமைகின்றது. விதியைச் சுற்றி எழுந்த வழக்குகளிலும் தகராறுகளிலும் பல இந்த முரணிலிருந்து பிறந்தவை.

எது திறந்தவெளி ஒதுக்கீடு அன்று

கட்டடத்தைச் சுற்றி நான்கு பக்கமும் விடவேண்டிய இடைவெளி வேறு, திறந்தவெளி ஒதுக்கீடு வேறு. முன்னது காற்று, வெளிச்சம், தீயணைப்பு வண்டி செல்லும் வழி ஆகியவற்றுக்காக விடப்படுவது. அது உரிமையாளரிடமே இருக்கும். பின்னது அந்த இடைவெளிக்கும் அப்பால், தனியே அளந்து ஒதுக்கப்பட வேண்டியது. அதில் எவ்விதக் கட்டுமானமும் இருத்தல் கூடாது. வண்டி நிறுத்துமிடம், நீச்சல் குளம், மாடித் தோட்டம், குடியிருப்போருக்கான மன்றக் கூடம் ஆகியவை விளம்பரத் தாள்களில் 'திறந்தவெளி' என்ற தலைப்பின் கீழ் இடம்பெறுவது உண்டு. விதியின் பார்வையில் அவை கணக்கில் வாரா.

வரலாறு

சென்னையின் பழைய குடியிருப்புப் பகுதிகளில் பூங்காக்களை அமைத்தது பெரும்பாலும் அரசே. 1920-ஆம் ஆண்டின் சென்னை நகரமைப்புச் சட்டத்துக்குப் பின்னர், மாம்பலத்தின் நீண்ட ஏரி தூர்க்கப்பட்டுத் தியாகராய நகர் உருவானபோது, பனகல் பூங்காவை நடுவில் வைத்துத் தெருக்கள் வரையப்பட்டன. (ஏரியை மூடிப் பூங்கா அமைத்ததை இன்றைய நகரமைப்பாளர் எவரும் பாராட்டமாட்டார் என்பது வேறு செய்தி.) பின்னாளில் அண்ணா நகர் போன்ற பகுதிகளும் அரசின் திட்டமிடலிலேயே எழுந்தன. நிலத்தை எடுத்து, தெரு வரைந்து, பூங்காவுக்கு இடம் விட்டு, எஞ்சியதை மனைகளாக விற்பது ஒரே கையின் வேலையாக இருந்தது. பூங்காவின் செலவு அந்தக் கணக்கிலேயே அடங்கிவிட்டது.

நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்பதும் அடுக்குமாடிகளைக் கட்டுவதும் தனியார் கைக்குச் சென்றபோது இந்த ஏற்பாடு பொருந்தாமல் போயிற்று. தனியார் ஒருவர் தம் நிலம் முழுவதையும் மனைகளாக்கி விற்றுவிட்டால், பிறகு பூங்காவுக்கு இடம் வேண்டுமெனில் அரசு விலை கொடுத்தே வாங்க வேண்டும். வீடுகள் எழுந்த பின் அதுவும் இயலாது. எனவே அனுமதி கேட்கும் நேரத்திலேயே நிலத்தைப் பெற்றுக்கொள்வது என்ற முறை வகுக்கப்பட்டது.

இதற்கான சட்ட அடிப்படை 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் ஆகும். அச்சட்டத்தின் கீழ் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.) இயங்குகின்றது. 1975-இல் நடைமுறைக்கு வந்த முதலாவது முழுமைத் திட்டத்தின் வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதிகளில், பொது மற்றும் பொழுதுபோக்குத் தேவைகளுக்கான ஒதுக்கீடு 19-ஆவது விதியாக இடம்பெற்றது. 2026-ஐ இலக்காண்டாகக் கொண்டு 2008 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட இரண்டாவது முழுமைத் திட்டத்தில் அது 29-ஆவது ஒழுங்குமுறையாகவும் அதன் இணைப்பாகவும் தொடர்ந்தது. 2019 பிப்ரவரியில் மாநிலம் முழுமைக்குமான தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வெளியிடப்பட்டபோது, இந்த ஒதுக்கீடும் அவற்றுள் சேர்க்கப்பட்டது. 2022-இல் பெருநகரப் பகுதியின் பரப்பு 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டது.

விதியின் அளவுகள்

நிலத்தின் பரப்பைப் பொறுத்து விதி மூன்று நிலைகளில் செயற்படுகின்றது. 3,000 சதுர மீட்டருக்குக் குறைவான நிலத்துக்கு ஒதுக்கீடு இல்லை. சென்னை வழக்கில் ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி, அதாவது ஏறத்தாழ 223 சதுர மீட்டர். ஆகவே ஏறத்தாழ பதின்மூன்றரை கிரவுண்டு வரை விதி தொடுவதில்லை. நகரின் உட்பகுதியில் பழைய வீட்டை இடித்து எழுப்பப்படும் நான்குமாடிக் குடியிருப்புகள் பெரும்பாலும் இந்த வரம்புக்குள் அடங்கிவிடும்.

3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரையிலான நிலத்துக்கு, சாலைகள் நீங்கலான பரப்பில் 10 விழுக்காட்டை ஒதுக்கி ஒப்படைக்க வேண்டும். அல்லது அதற்கு ஈடாகப் பதிவுத்துறையின் மதிப்பீட்டின்படி பணம் செலுத்தலாம். ஒதுக்கப்படும் துண்டு 100 சதுர மீட்டருக்குக் குறையலாகாது. அதன் எந்தப் பக்கமும் 10 மீட்டருக்குக் குறையலாகாது. இந்த நிபந்தனை இல்லாவிடில், மதிலோரமாக ஒரு மீட்டர் அகலத்தில் நீண்ட கீற்றை விட்டுவிட்டுப் பூங்கா என்று கூறிவிட முடியும். இருப்பினும் 100 சதுர மீட்டர் என்பது அரைக் கிரவுண்டுக்கும் குறைவு. ஒரு சறுக்குமரமும் இரண்டு ஊஞ்சலும் வைத்தால் நிறைந்துவிடும்.

10,000 சதுர மீட்டருக்கு (ஏறத்தாழ இரண்டரை ஏக்கர்) மேற்பட்ட நிலத்தில் புதிய வளர்ச்சிக்கும் மறுவளர்ச்சிக்கும் பணம் ஏற்கப்படாது. நிலமே தரப்பட வேண்டும். எடுத்துக்காட்டாக, 12,000 சதுர மீட்டர் நிலத்தில் 2,000 சதுர மீட்டர் சாலைகளுக்குச் சென்றால், எஞ்சிய 10,000-இல் பத்தில் ஒரு பங்காகிய 1,000 சதுர மீட்டர் ஒதுக்கீடாகும்.

நிலமா, பணமா

இடைநிலைப் பரப்புகளுக்கான பணமாற்று ஏற்பாட்டில் கூர்ந்து நோக்கத்தக்க ஒரு கூறு உள்ளது. இரண்டாவது முழுமைத் திட்டத்தின் வாசகப்படி, பணமாகச் செலுத்தும்போது முதல் 3,000 சதுர மீட்டர் கணக்கிலிருந்து விலக்கப்படுகின்றது. சாலை ஏதும் இல்லாத 5,000 சதுர மீட்டர் நிலத்தை எடுத்துக்கொள்வோம். நிலமாகத் தந்தால் 500 சதுர மீட்டர் தர வேண்டும். பணமாகத் தந்தால் 3,000-ஐ நீக்கி எஞ்சும் 2,000-இல் பத்தில் ஒன்று, அதாவது 200 சதுர மீட்டரின் மதிப்பு மட்டுமே. 3,100 சதுர மீட்டர் நிலமாயின் வேறுபாடு இன்னும் பெரிது: நிலமாக 310, பணமாக 10.

இதனுடன் மற்றொன்றும் சேர்கின்றது. பதிவுத்துறையின் வழிகாட்டி மதிப்பு பல இடங்களில் சந்தை விலையைவிடக் குறைவு. ஆகவே இந்த வரம்பில் நிலம் வைத்திருப்பவர் பணத்தைத் தேர்ந்தெடுப்பதில் வியப்பில்லை. விதியை அவர் மீறவில்லை. விதியே அவ்வழியைத் திறந்து வைத்துள்ளது. ஆனால் அவ்வாறு பெறப்படும் தொகையைக் கொண்டு அதே தெருவில் அதே அளவு நிலத்தை வாங்க முடியாது. அப்பகுதியில் வாழ்வோருக்குக் கிடைத்திருக்க வேண்டிய பூங்கா, கணக்குப் புத்தகத்தில் ஒரு வரவாக மாறிவிடுகின்றது.

வரம்பைத் தவிர்ப்பதற்காக ஒரே நிலத்தைச் சிறு சிறு துண்டுகளாகப் பதிவு செய்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே அனுமதி கோரும் முயற்சிகளும் உண்டு. இதனாலேயே நிலத்தின் பழைய பத்திரங்கள் கேட்கப்படுகின்றன. முதலாவது முழுமைத் திட்டம் நடைமுறைக்கு வந்த காலத்தில் அந்நிலம் எவ்வளவு பரப்புடையதாக இருந்தது என்பது இங்கு முக்கியமாகின்றது.

ஒப்படைப்பு

ஒதுக்கீட்டு நிலம் வரைபடத்தில் குறிக்கப்பட்டால் மட்டும் போதாது. சி.எம்.டி.ஏ.வுக்கோ அது குறிப்பிடும் உள்ளாட்சி அமைப்புக்கோ தானப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து தர வேண்டும். பொதுவாகத் திட்ட அனுமதி கையில் கிடைப்பதற்கு முன்பே இது முடிந்திருக்க வேண்டும். பத்திரம் பதிவானதும் உரிமை மாறிவிடுகின்றது. பூங்காவை அமைத்துப் பராமரிக்கும் பொறுப்பு மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சியிடம் வந்து சேர்கின்றது.

காகிதத்தில் இவ்வாறு எளிதாகத் தோன்றினாலும், பதிவுக்கும் பூங்காவுக்கும் இடையில் பல ஆண்டுகள் கழிவதுண்டு. பட்டா மாறாமல் பழைய உரிமையாளர் பெயரிலேயே கிடக்கலாம். எல்லைக்கல் நடப்படாமல் போகலாம். வேலியற்ற வெற்றுநிலம் குப்பை கொட்டுமிடமாகவும், வண்டி நிறுத்துமிடமாகவும், சில வேளைகளில் கோயில் அல்லது கடைக்கான இடமாகவும் மாறுகின்றது. உள்ளாட்சிகளே அங்கு நீர்த்தேக்கத் தொட்டி, நியாயவிலைக் கடை, அலுவலகக் கட்டடம் ஆகியவற்றை எழுப்புவதும் உண்டு. நோக்கம் நல்லதே என்றாலும், ஒதுக்கீட்டின் நோக்கம் அதுவன்று.

பூங்காக்களையும் விளையாட்டிடங்களையும் பிற பயன்பாட்டுக்கு மாற்றுவதைக் கட்டுப்படுத்த 1959-ஆம் ஆண்டிலேயே தமிழ்நாடு பூங்காக்கள், விளையாட்டிடங்கள் மற்றும் திறந்தவெளிகள் (பாதுகாத்தல் மற்றும் ஒழுங்குபடுத்துதல்) சட்டம் இயற்றப்பட்டது. இடங்களைப் பட்டியலிடும் கடமையை அது உள்ளாட்சிகளுக்கு விதிக்கின்றது.

நீதிமன்றத் தீர்ப்புகள்

திட்டத்தில் பூங்கா என்று காட்டப்பட்ட இடத்தைப் பின்னர் வேறொன்றுக்குத் தரலாமா என்ற கேள்விக்கு, 1991-இல் பெங்களூர் மெடிக்கல் டிரஸ்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் விடையளித்தது. ராஜ்மகால் விலாஸ் விரிவாக்கப் பகுதியில் பூங்காவுக்கென விடப்பட்ட இடம் தனியார் மருத்துவமனை ஒன்று அமைப்பதற்காக ஒதுக்கப்பட்டிருந்தது. அங்கு வாழ்ந்தோர் வழக்குத் தொடுத்தனர். ஒதுக்கீடு செல்லாது என்று தீர்ப்பாயிற்று. மருத்துவமனையும் மக்களுக்குப் பயன்படுவதே என்ற வாதம் எடுபடவில்லை.

அடுத்த கேள்வி இன்னும் அடிப்படையானது: ஒருவரின் நிலத்தை விலை தராமல் கேட்கும் உரிமை அரசுக்கு உண்டா? சேத் ராம் வசிஷ்ட் வழக்கில், மனைப்பிரிவில் விடப்பட்ட திறந்தவெளியை இலவசமாகத் தமக்கு மாற்றித் தருமாறு தில்லி மாநகராட்சி விதித்த நிபந்தனையை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அவ்வாறு கேட்பதற்குச் சட்டத்தில் இடமில்லை என்பதும், பொதுமக்களின் சார்பில் அந்த இடத்தைப் பேணும் பொறுப்பாளராக மட்டுமே மாநகராட்சி இருக்க முடியும் என்பதும் அதன் சாரம்.

சென்னையின் நிலவுரிமையாளர்களும் இதே வாதத்தை எழுப்பினர். மனமுவந்து தருவதே தானம். அனுமதி வேண்டுமானால் தானம் செய் என்பது கட்டாயப் பறிப்பு. சட்டத்தின் துணையின்றி எவரது சொத்தையும் பறிக்கலாகாது என்னும் அரசியலமைப்பின் 300-அ உறுப்புக்கு இது முரணானது என்று வாதிடப்பட்டது. வசந்த் அபார்ட்மெண்ட்ஸ் உரிமையாளர் சங்கத்தின் மேல்முறையீட்டில் 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கி, 19-ஆவது விதியும் 29-ஆவது ஒழுங்குமுறையும் செல்லும் என்றது. தில்லி வழக்கில் இல்லாத சட்ட அடிப்படை இங்கு இருந்தது. ஒதுக்கீட்டுக் கடமை முழுமைத் திட்டத்தின் விதியாகவே வகுக்கப்பட்டு, பெரிய நிலத்தை வளர்ச்சிக்கு உட்படுத்த விரும்புவோருக்கான நிபந்தனையாக அமைந்துள்ளது.

அதே தீர்ப்பு, விதியின் ஒரு வாசகத்தை மட்டும் நீக்கியது. ஒப்படைக்கப்பட்ட நிலத்தைப் பூங்காவாகப் பராமரிக்கக் குடியிருப்போர் சங்கத்துக்கு அனுமதி தரலாம் என்றும், அவ்வாறு தந்தால் பொதுமக்களுக்கு அங்கு நுழைவுரிமை வற்புறுத்தப்படாது என்றும் இடைநிலைப் பரப்புகளுக்கான விதி கூறியிருந்தது. இந்தப் பின்பகுதி அரசியலமைப்புக்கு முரணானது என்று நீதிமன்றம் அறிவித்தது. பொதுவின் பெயரால் விலையின்றிப் பெறப்பட்ட நிலத்தில் பொதுமக்களையே வெளியில் நிறுத்த முடியாது என்பதே இதன் விளைவு. தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தவரின் வேலிக்குள்ளேயே பூங்கா இருந்துவரும் இடங்களில், தீர்ப்பின் இப்பகுதிக்கே நடைமுறை முக்கியத்துவம் அதிகம். வாயிலில் காவலர் இருக்கும் வளாகத்தின் உட்புறத்தில், பொதுச் சாலையிலிருந்து தனி வழியின்றி அமைந்த பூங்காவுக்குள் அடுத்த தெருச் சிறுவர்கள் எவ்வாறு செல்வர் என்பது வரைபடம் அங்கீகரிக்கப்படும் நாளிலேயே தீர்மானமாகிவிடுகின்றது.

விமர்சனங்கள்

ஒதுக்கீடு நிலப்பரப்பின் விழுக்காடாகக் கணக்கிடப்படுகின்றதே அன்றி, அங்கு வாழப்போகும் மக்களின் எண்ணிக்கையைக் கொண்டு அன்று. தளப்பரப்புக் குறியீடு, அதாவது நிலத்தின் பரப்பைப் போல் எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்னும் எண், முன்னர் சாதாரணக் குடியிருப்புக் கட்டடங்களுக்கு 1.5 ஆக இருந்தது. 2019-ஆம் ஆண்டு விதிகளில் அது 2 ஆகவும், உயர்மாடிக் கட்டடங்களுக்கு 3.25 ஆகவும் வைக்கப்பட்டது. பத்து விழுக்காடு மட்டும் பத்து விழுக்காடாகவே நின்றது.

இதன் விளைவை ஓர் எளிய கணக்கால் காணலாம். சாலை இல்லாத 12,000 சதுர மீட்டர் நிலம். ஒரு வீட்டுக்கு 100 சதுர மீட்டர் தளப்பரப்பு. வீட்டுக்கு நால்வர் என்று கொள்வோம். பூங்கா 1,200 சதுர மீட்டர். குறியீடு 1.5 எனில் 180 வீடுகள், 720 பேர், தலைக்கு 1.67 சதுர மீட்டர் பூங்கா. குறியீடு 2 எனில் 960 பேர்; தலைக்கு 1.25. குறியீடு 3.25 எனில் 1,560 பேர், தலைக்கு 0.77 சதுர மீட்டர். நகர்ப்புறங்களில் தலைக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் திறந்தவெளி வேண்டும் என்று நடுவண் அரசின் நகரத் திட்டமிடல் வழிகாட்டு நெறிகள் பரிந்துரைக்கின்றன. அந்த அளவு பெரிய பூங்காக்கள், கடற்கரை, மைதானங்கள் அனைத்தையும் உள்ளடக்கியது. ஒரு வளாகத்தின் பூங்காவை மட்டும் அதனுடன் ஒப்பிடுதல் முறையாகாது. எனினும் இடைவெளி எத்தகையது என்பது புலப்படும்.

கட்டுநர் தரப்பின் குறையும் பொருளற்றதன்று. நிலத்தின் விலை இறுதியில் வீட்டின் விலையில் சேர்கின்றது. பூங்காவுக்கான நிலத்துக்கு உண்மையில் பணம் தருபவர் வீடு வாங்குபவர். தாம் பணம் தந்த பூங்கா பராமரிப்பின்றிக் கிடப்பதைக் காணும் குடியிருப்போர், அதைத் தாமே வேலியிட்டுப் பேண முற்படுகின்றனர். சங்கம் பேணும் பூங்கா பசுமையாகவும் பூட்டியும் இருக்கின்றது. உள்ளாட்சியின் பூங்கா திறந்தும் சில இடங்களில் காய்ந்தும் இருக்கின்றது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஏற்பாடாக, பராமரிப்பைச் சங்கம் ஏற்று நுழைவைப் பொதுவாக வைப்பது சாத்தியமே. விதியின் முன்பகுதி அதற்கு இடம் தருகின்றது.

2015-ஆம் ஆண்டின் நவம்பர், திசம்பர் வெள்ளங்களுக்குப் பின்னர், மழைநீரை உள்வாங்கும் நிலமாகவும் திறந்தவெளிகள் பேசப்படுகின்றன. மண்ணும் புல்லும் உள்ள பூங்காவுக்கே இது பொருந்தும். முழுவதும் சிமெண்டுக் கல் பதித்த நடைபாதையும் மேடையும் நிறைந்த இடத்தில் நீர் இறங்குவதற்கு வழியில்லை.

அங்கீகாரமற்ற மனைப்பிரிவுகள்

அனுமதியே பெறாமல் பிரித்து விற்கப்பட்ட மனைப்பிரிவுகளில் விதி செயற்படுவதற்கே வாய்ப்பில்லை. விளைநிலங்கள் அங்கீகாரமின்றி மனைகளாகப் பதிவு செய்யப்படுவதற்கு 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அதன் தொடர்ச்சியாக 2017-இல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்கு முன்னர் உருவான மனைகள் அவற்றின் கீழ் ஏற்கப்பட்டன. அங்கு விடப்படாத திறந்தவெளிக்கு ஈடாகக் கட்டணம் பெறப்பட்டது. புறநகரின் பல தெருக்களில் வீடுகள் நெருங்கி நிற்க, ஓர் அடி பொதுநிலமும் இல்லாதிருப்பதன் பின்னணி இதுவாகும்.

வீடு வாங்குவோர் அறியவேண்டியவை

அடுக்குமாடி வீட்டுடன் நிலத்தின் பிரிபடாத பங்கும் விற்கப்படுகின்றது. தானமாகத் தரப்பட்ட பரப்பைக் கழித்த பின்னரே இப்பங்கு கணக்கிடப்பட வேண்டும். மொத்தப் பரப்பைக் கொண்டு கணக்கிட்டால், கட்டுநர் தமக்கு உரிமையில்லாத நிலத்தை விற்கின்றார் என்றே பொருள். வில்லங்கச் சான்றிதழில் தானப் பத்திரம் பதிவாகியிருக்கும். அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில் ஒதுக்கீட்டு நிலம் அளவுகளுடன் குறிக்கப்பட்டிருக்கும். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால் பூங்கா எங்கே, எவ்வளவு, அதற்குப் பொதுச் சாலையிலிருந்து வழி உண்டா என்பது தெரியவரும்.

மும்பையுடன் ஒப்பீடு

மும்பையின் விதிகள் மனைக்குள் விடவேண்டிய பொழுதுபோக்கு வெளியை அங்கு வாழ்வோரின் பயன்பாட்டுக்கு உரியதாகக் கருதுகின்றன, நிலவுரிமை மாறுவதில்லை. அங்கு எழுந்த தகராறு யார் நுழையலாம் என்பதைப் பற்றியதன்று. பூங்கா எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்பதைப் பற்றியது. வண்டி நிறுத்தும் தளங்களின் மேற்கூரையில் செடி வைத்து அதையே பொழுதுபோக்கு வெளியாகக் கணக்குக் காட்டும் வழக்கம் பரவியிருந்தது. 2013-இல் கோகினூர் நிறுவனத்துக்கும் மும்பை மாநகராட்சிக்கும் இடையிலான வழக்கில், விதிக்கப்பட்ட குறைந்த அளவுப் பொழுதுபோக்கு வெளி தரைமட்டத்தில் இருத்தல் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சென்னை விதியில் இக்கேள்விக்குப் பெரிதும் இடமில்லை. ஒதுக்கீட்டு நிலம் கட்டுமானமற்றதாக ஒப்படைக்கப்படுவதால் அதன் கீழே வண்டி நிறுத்தும் தளம் அமைவதற்கு வழியில்லை.